செவ்வாய் வெள்ளித் தூசி

அனந்தநாராயணன் கார் துடைக்கிறார் என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். துடைப்பதெல்லாம் சாப்பாட்டு மேஜைக்கு. காருக்கு அவர் செய்வதன் பெயர் தூசி நீக்கம்.

தூசி நீக்கம் காலை ஏழரைக்கு ஆரம்பமாகும். முதலில் முகமூடி, பிறகு கையுறை. பிறகு பானெட்டின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு பார்வை. அப்புறம் ஸ்ப்ரே பாட்டிலில் ஷாம்பூ கலந்த தண்ணீரைப் பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்துவிட்டு, தூசி ஊறுவதற்காகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஊறியதும் மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, கையின் கனமே இறங்காமல் வைத்து, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு. ஒரு மடிப்புக்கு ஓர் இழுப்புதான். அடுத்த இழுப்புக்கு அடுத்த மடிப்பு. வட்டமாகத் தேய்த்தால் பெயிண்டில் சிலந்தி வலை மாதிரி கீறல் விழும். உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் தேய்ப்பவன் காருக்கு உப்புத்தாள் போடுகிறான். இதையெல்லாம் ஆங்கிலத்தில் டைப் செய்து, லாமினேட் போட்டு, கார் நிற்கும் தூணில் தொங்கவிட்டிருந்தார். கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கும் அவர் மனைவி பாகீரதிக்கு, தங்கள் குடும்ப வாழ்க்கையில் இத்தனை மென்மையாக அவர் தொட்ட பொருள் வேறொன்று இருந்ததாக ஞாபகம் வரவில்லை.

அணுசக்தி நகரில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர் அவர். காற்றில் என்ன தூசி எவ்வளவு மிதக்கிறது என்று அளக்கும் பிரிவு. ஆபீசுக்குப் போக ஸ்டாஃப் பஸ், வர ஸ்டாஃப் பஸ். ஸ்டியரிங் என்ற வஸ்துவைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஓய்வு பெற்றுத் திலக் நகர் ஃபிளாட்டுக்கு வந்த பிறகுதான் காரோட்டக் கற்றார். டிரைவிங் ஸ்கூல்காரன் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட அவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகம். கிளட்ச் தகட்டின் உராய்வைப் பற்றி அவர் விளக்கி முடிப்பதற்குள் சிக்னல் இரண்டு முறை பச்சையாகி இரண்டு முறை சிவப்பாகும்.

பிறகு புனேயில் இருக்கும் பிள்ளை பத்ரி இந்தக் காரை வாங்கி அனுப்பிவைத்தான். கருப்பு. வெறும் கருப்பு என்றால் அவருக்குப் பொறுக்காது. ஷோரூம்காரன் வைத்த முழுப் பெயரான 'ராயல் மிட்நைட் பேர்ல்' என்றுதான் சொல்ல வேண்டும். செம்பூர் நாக்கா போலீஸ்காரர் ஒருவர் ஒருமுறை "ஏ காலீ காடி, பாஜூ லே" என்று, கருப்பு வண்டியை ஓரம் கட்டச் சொல்லி விசிலடித்தபோது, கண்ணாடியை இறக்கித் திருத்தினார். பின்னால் இருந்த ஆட்டோக்காரர்கள் அன்றைக்குச் சொன்னதை பாகீரதி யாரிடமும் சொன்னதில்லை.

கார் வந்த அன்றைக்கே சேடா நகர் முருகன் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். குருக்கள் பானெட்டின் மேல் மூன்று விரலால் விபூதியை இழுத்ததும் அனந்தநாராயணன் "அய்யய்யோ" என்றார். சாம்பல் என்பது சிலிக்கா கலந்த பொடி, பெயிண்டுக்கு எமன் என்று குருக்களுக்கு அங்கேயே வகுப்பு எடுத்து, டிக்கியிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து, சாமி பார்க்கவே பட்டையை நீக்கினார். பாகீரதிதான் கண்ணை மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

மன்னிப்பு போய்ச் சேரவில்லை என்று அந்த வாரமே தெரிந்தது. திங்கட்கிழமை சொஸைட்டி கேட்டில் உரசினார். வியாழக்கிழமை ஃப்ளைஓவருக்குக் கீழே ரிவர்ஸ் எடுக்கப் போய் இளநீர் வண்டியில் இடித்து, ரோடெல்லாம் இளநீர் உருண்டது. சனிக்கிழமை ஒரு பெஸ்ட் டவுன் பஸ் இவரை இடிக்காமல் விட்டது அந்த டிரைவரின் நல்ல குணம். மூன்றுக்கும் அவர் ரோட்டின் சரிவைக் காரணம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாகீரதி கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தோடு நேராகப் பார்க்கிங்குக்கு வந்தாள். பட்டையாக இழுத்தால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, பானெட்டுக்கு நேரே பிடித்து, பிறந்த நாள் மெழுகுவத்தி அணைப்பதுபோல் 'ஃபூ' என்று ஊதினாள். மெல்லிய புகைபோல் போய், சீராக, கண்ணுக்கே தெரியாமல் படிந்தது. முருகனுக்குத் தெரிந்தால் போதும்.

அது தினசரி வழக்கமாயிற்று, அவர் இறங்கி வருவதற்குள் முடிந்துவிடும். அன்றிலிருந்து ஒரு கீறல் இல்லை, ஓர் இடி இல்லை. விஞ்ஞானி வீட்டு அம்மாள் என்பதால் அவளுக்கும் சோதனை முறை தெரியும். விபூதி இல்லாமல் ஒரு வாரம், விபூதியோடு ஆறு மாதம். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டடத்தை இடித்துவிட்டு பில்டர் ஒருவன் டவர் எழுப்பிக்கொண்டிருந்தான். திலக் நகர் முழுக்கவே அப்படித்தான், இடித்ததும் எழுவதுமாகத் தூசியில் மிதந்தது. மாடி பால்கனிகளில் துணி காயப்போட முடியவில்லை. எல்லார் வீட்டிலும் இருமல். ஆனால் கட்டடத்தின் வயிற்றுக்கு அடியில், மூன்று பக்கம் சுவர் வைத்த பார்க்கிங்கில் அந்தத் தூசிக்கு வழியில்லை. அங்கே நிற்கும் மற்ற வண்டிகளின் மேல் படிவது சாதாரண அழுக்கு. அனந்தநாராயணனின் பானெட்டில் மட்டும் தினமும் காலையில் வெள்ளையாக, நைஸாக, ஒரே சீராக ஒரு படிவம்.

அவர் அதைக் கண்டுபிடித்த நாளன்று முகத்தில் பத்து வயது குறைந்தது. ரிட்டயரான பிறகு முதல் தடவையாக அவருக்கு ஒரு தூசி கிடைத்திருந்தது.

"பாகீ, இது வெறும் தூசியில்லையாக்கும். பில்டரோட சிமென்ட் ஃபைன்ஸ், மாவு மாதிரி பொடி. காத்து அந்தச் சந்து வழியா வந்து தூணைச் சுத்தி, கரெக்டா நம்ம பானெட்டுக்கு மேல சுழி போடறது. அதான் ரூஃப்ல விழலை, பானெட்ல மட்டும் விழறது. கேட்டியா?"

பாகீரதி கேட்டாள். தன் மூச்சுக்குச் சுழி போடும் திறமை இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அவர் தினமும் ஒரு கண்ணாடித் தகட்டில் மாதிரி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதினார். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் தூசி அதிகம் என்று தெரிந்தது. அந்த இரண்டு நாளும் கோயிலில் கூட்டம் அதிகம், பொட்டலமும் பெரிது. அவர் அதை டைல் அறுக்கும் நாட்கள் என்று முடிவு கட்டினார். கிருத்திகை அன்று படிந்ததைப் பார்த்து, மாதத்துக்கு ஒருமுறை கான்கிரீட் போடுகிறார்கள் என்றார். பாகீரதி டோம்பிவிலியில் தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்த நாட்களில் தூசியே இல்லை. ஊரிலிருந்து வந்ததும் அவளிடம் ரகசியமாகச் சொன்னார், நாம் அளப்பது பில்டருக்குத் தெரிந்துவிட்டது, ஜாக்கிரதையாகிவிட்டான் என்று. அவள் வந்த மறுநாள் தூசியும் வந்தது. "பாத்தியா, நாலு நாள்தான் அவனால அடக்கமா இருக்க முடிஞ்சுது" என்றார்.

பழைய ஆபீசுக்குப் போன் செய்து, மாதிரிகளைப் பரிசோதித்துத் தர முடியுமா என்று கேட்டார். ஒரு காலத்தில் அவர் வருவதைப் பார்த்தால் எழுந்து நின்ற பையன்கள் இப்போது மீட்டிங்கில் இருந்தார்கள். எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங்கில் இருந்தார்கள். தன் கீழ் வேலை செய்தவர்கள் இவ்வளவு உழைப்பாளிகளாக ஆகிவிட்டதில் அவருக்குப் பெருமைதான்.

இந்த விஷயத்தில் பாகீரதிக்கு ஒரு சாட்சி உண்டு. மாரிசெல்வம், தாராவிக்காரன். விடியற்காலை ஸ்கூட்டரில் வந்து சொஸைட்டி வண்டிகளை எல்லாம் துடைப்பவன். பழைய பனியன் துணியால் துடைக்கிறான் என்பதற்காக அனந்தநாராயணன் அவனைத் தன் காருக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது என்று சொல்லி, தரையில் சாக்பீஸால் கோடும் போட்டிருந்தார். அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஒரு வண்டி குறைந்தது. கோட்டுக்கு வெளியே பக்கெட்டோடு நின்றுதான் ஒருநாள் அவள் ஊதுவதைப் பார்த்தான். பாகீரதி திருடிபோல் விறைத்து நின்றாள்.

அவன் பக்கெட்டைக் கீழே வைத்தான்.

"மாமி, ஊதுறது சரிதான். காத்து எந்தப் பக்கம்னு பாத்து ஊதுங்க. பக்கத்துல நிக்கிற சேட்டு வண்டியில பாதி போயிருது. அவரு வண்டிக்கும் சேத்துல்லா முருகன் காவல் காத்துக்கிட்டு இருக்காரு."

அதற்குப் பிறகு அவள் காற்றுப் பார்த்து ஊதினாள்.

அனந்தநாராயணனோ பார்க்காமலே பெரிதாக ஊதிவிட்டார். சொஸைட்டிக் கூட்டத்தில் வரைபடங்களோடு எழுந்து, பில்டரின் குற்றம் விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டது, நேரில் வந்தால் காட்டத் தயார் என்றார். செக்ரட்டரி மிஸஸ் ஸாவந்த் மாடியில் துணி காயப்போட்டு வெறுத்துப்போனவள். பில்டரின் ஆட்கள் பலமுறை 'பார்க்கிறோம் மேடம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் உடனே பில்டரின் சைட் இன்ஜினியர் ஷிர்கேக்கு எழுதினாள். புதன்கிழமை காலை எட்டரைக்கு, சொஸைட்டி உறுப்பினர்கள் முன்னிலையில், பார்க்கிங்கில் செயல்முறை விளக்கம்.

செவ்வாய் சாயங்காலம் அனந்தநாராயணன் காப்பியைத் தொடவில்லை. பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்தார்.

"ஏன்னா, உடம்புக்கு என்ன?"

"நாளைக்குப் புதன். புதன்ல படிவம் கம்மியாக்கும். போதாததுக்கு அவன் நாளைக்கு வேலையை நிறுத்தி வெச்சான்னா?" சோபாவில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அத்தனை பேரையும் வரச் சொல்லிட்டேன். பானெட் சுத்தமா இருந்துதுன்னா கிழவனுக்குப் புத்தி பேதலிச்சுடுத்துன்னு சொல்லுவா. ஆபீஸ்ல பசங்க ஏற்கெனவே போனை எடுக்கறதில்லை, பாகீ."

மீட்டிங்குகளைப் பற்றி அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அன்றிரவு அவளுக்கு இரண்டு எண்ணம் ஓடியது. ஊதாமல் விட்டால் அவர் மானம் போகும். ஊதினால், செய்யாத குற்றத்துக்கு ஒருவனை நிறுத்திவைத்துச் சாட்சியத்தைத் தானே தயாரிக்கிற பாவம் வரும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், ஆறு மாதமாக அவர் உறையில் போட்டு ஒட்டியதெல்லாம் என்னவென்று அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். முருகா, நீயே பார்த்துக்கொள் என்று படுத்தாள். காலையில் எழுந்து, முருகனிடம் விட்ட காரியத்தில் தானும் கொஞ்சம் கை கொடுத்தால் தப்பில்லை என்று தோன்றியது.

கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். குருக்கள் கொடுத்த பொட்டலம் போதாதென்று இன்னொன்றும் கேட்டு வாங்கினாள். பார்க்கிங்குக்கு வந்ததும் காற்றுப் பார்த்தாள். இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, சிட்டிகை சிட்டிகையாக, மூச்சு வாங்க வாங்க ஊதினாள். ராயல் மிட்நைட் பேர்ல் பொழுது விடிந்ததுபோல் வெளுத்தது.

கோட்டுக்கு வெளியே மாரிசெல்வம் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமி, போதும். இதுக்கு மேல போட்டா வண்டியே சாமியாராப் போயிரும்" என்றான்.

எட்டரைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். மிஸஸ் ஸாவந்த் கையில் ஃபைல். ஷிர்கே தலையில் ஹெல்மெட், இங்கே மேலிருந்து எதுவும் விழாது என்று தெரிந்தும் கழற்றவில்லை. அன்று ஏழரை மணித் தூசி நீக்கத்தை ஒத்திவைத்திருந்த அனந்தநாராயணன் அப்போதுதான் பானெட்டைப் பார்த்தார். மழைக்குக் காத்திருந்த விவசாயிபோல் நெஞ்சு நிறைந்து நின்றார். மனைவியைத் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பாகீரதி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

பிறகு இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக ஆரம்பித்தார். சுழிக் கோட்பாடு வந்தது, செவ்வாய் வெள்ளி வரைபடம் வந்தது, டோம்பிவிலி நாட்கள் பில்டரின் குற்ற உணர்வாக வந்தன. ஷிர்கே சாக்பீஸ் கோட்டைத் தாண்டாமல் எட்டிப் பார்த்து, இது வெள்ளையாக இருக்கிறதே, எங்கள் சிமென்ட் இத்தனை வெள்ளை இல்லையே என்று இழுத்தான்.

அங்கேதான் அனந்தநாராயணன் ஆறு மாதமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். தூரத்திலிருந்து பார்த்தால் நிறம்தான் தெரியும், துகளின் நைஸ் விரலுக்குத்தான் தெரியும் என்று சொல்லி, கணீரென்று பேசுவதற்காக முகமூடியைத் தாடைக்கு இறக்கினார். வலக்கைக் கையுறையைக் கழற்றினார். பானெட்டின் நடுவில் மூன்று விரலை வைத்து மெதுவாக ஒரே இழுப்பாக இழுத்து, விரல் நுனிகளை எல்லாரும் பார்க்க மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

பன்னீரும் பச்சைக் கற்பூரமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது.

அறுபத்தைந்து வருஷத்துப் பழக்கத்துக்கு விஞ்ஞானம் தெரியாது. கண் தானாக மூடியது. தலை தானாக நிமிர்ந்தது. மூன்று விரலும் நெற்றியில் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை போய் வந்தன. "முருகா" என்றது வாய்.

பக்கத்து சைட்டில் அந்த நிமிஷம் பார்த்து டிரில் நின்றிருந்தது.

அனந்தநாராயணன் கண்ணைத் திறந்தார். விரலைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். பிறகு மெள்ள, ரொம்ப மெள்ள, மனைவியைப் பார்த்தார். பாகீரதி தரையில் சாக்பீஸ் கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னால் மாரிசெல்வம் பக்கெட்டுக்குள் தலையைவிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். அப்போது மிஸஸ் ஸாவந்தின் குரல் கேட்டது.

மராத்தியில் அவள் சொன்னதன் சாரம் இது. பாருங்கள் ஷிர்கே, நன்றாகப் பாருங்கள். தேசத்துக்காக அணுவோடு உழைத்த ஒரு பெரியவர், உங்கள் மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு கடவுளைக் கூப்பிடும்படி ஆக்கிவிட்டீர்கள். இதற்கு மேல் அவர் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

மண்ணை நெற்றியில் வைத்துச் சபதம் எடுத்தவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவன் ஷிர்கே. அவன் முகம் வெளுத்தது. ஹெல்மெட்டைக் கழற்றினான். பெரியவர் உண்ணாவிரதம் இருக்கப்போகிறார் என்று பயந்து, பட்டினி கிட்டினி ஒன்றும் வேண்டாம் அங்கிள் என்று கை கூப்பினான். டவரைச் சுற்றிப் பச்சை வலை கட்டுகிறோம், தினமும் இருவேளை தண்ணீர் தெளிக்கிறோம், டைல் அறுப்பதைப் பின்பக்கம் மாற்றிக்கொள்கிறோம் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தான். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். மேல்மாடிக்காரர் ஒருவர் வந்து அனந்தநாராயணனின் காலைத் தொட்டார்.

அனந்தநாராயணன் எந்தச் சபதமும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நெற்றியில் பட்டையோடு கம்பீரமாக நின்றார்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாகீரதி காப்பியை வைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"பஸ்ஸுக்கு மறுநாள்லேர்ந்து."

அவர் காப்பியை ஆற்றினார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. கேட், இளநீர், பஸ். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடியும் ஒன்றுமில்லை.

"சொல்லப்படாதோ?"

"சொன்னா ஸ்ப்ரேயை எடுத்துண்டு கிளம்பிடுவேளே."

குளிக்கப் போகும்வரை நெற்றியை அவர் துடைக்கவில்லை. மத்தியானம் அலமாரியிலிருந்து மாதிரி உறைகளை எல்லாம் எடுத்து மேஜையில் குவித்தார். தூக்கிப்போடலாம் என்று குப்பைக் கூடைவரை கொண்டுபோனார். கூடைக்கு மேலே கை நின்றுவிட்டது. பிரசாதத்தை எப்படிப் போடுவது? கடைசியில், தேதியும் கையெழுத்தும் போட்ட உறைகள் அத்தனையும் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வரிசையாக ஏறின.

அடுத்த வாரம் பச்சை வலை வந்தது. தண்ணீர் தெளித்தார்கள். கட்டடம் முழுக்க இருமல் குறைந்தது. மிஸஸ் ஸாவந்த் பால்கனியில் வெள்ளைப் புடவை காயப்போட்டாள். பானெட்டிலும் தூசி இல்லை. வலைக்கு முன், வலைக்குப் பின் என்று அனந்தநாராயணன் ஒரு புது வரைபடம் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். தலைப்பில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். கூட ஆராய்ச்சி செய்தவள் பெயரை விடுவது விஞ்ஞானத்தில் புதிதில்லை என்று பாகீரதிக்கும் தெரியும்.

அவளுக்குக் கவலை வேறு. பொட்டலம் பையிலேயே இருந்தது. ஊதலாமா கூடாதா என்று அவர் சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் தைரியமில்லை. அவரோ அந்த வாரம் முழுக்கக் காரை எடுக்கவே இல்லை. கேட்டால் டயர் காற்று என்றார், பேட்டரி என்றார், மாதுங்காவில் பார்க்கிங் கிடைக்காது என்றார்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டரிடம் போயே ஆகவேண்டியிருந்தது. பாகீரதி கோயிலிலிருந்து திரும்பும்போது அவர் ஏற்கெனவே காரில் ஏறி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. நேராகத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே மாரிசெல்வம் சேட் வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "ரொம்ப நேரமா இப்படித்தான் இருக்காரு மாமி" என்று மெதுவாகச் சொன்னான்.

அவள் போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணாடி இறங்கியது.

"கோயில்லேர்ந்துதானே வரே?"

"ஆமாம்."

அவர் தொண்டையைக் கனைத்தார். ஆபீஸில் ஆர்டர் போடும் பழைய குரல் வந்தது. "பெயிண்ட்ல வேண்டாம். சாம்பல் பெயிண்டுக்கு ஆகாது, அதுல மாத்தமில்லை. டயர்ல போடு. ரப்பர்ல கீறல் விழாதாக்கும்."

பாகீரதி பொட்டலத்தைப் பிரித்தாள். குனிந்து முன் டயர் இரண்டுக்கும் பூசினாள், சுற்றிப்போய்ப் பின் டயர் இரண்டுக்கும் பூசினாள். நிமிர்ந்து, மிச்சத்தை மடித்துப் பையில் வைக்கப் போனாள்.

'டக்' என்று சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அவர் டிக்கியைத் திறந்துவிட்டிருந்தார்.

"ஸ்டெப்னியை விட்டுட்டியே" என்றார், தூணைப் பார்த்தபடியே.